சொந்தமாக ஒரு பாட்டு

ஆலுவாவில் எனக்கு வேண்டிய தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. தலைவர் திருநெல்வேலிக்காரர். ஏலூர்ப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து, பெரியாற்றுக் கரையிலேயே வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார். வீட்டில் பேசுவது தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். ஒரே மகன். பொறியியல் படித்து, காக்கநாட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. போன மாதம் அவர் போன் செய்தார்.

"சார், பய வேலையை விடப்போறேங்கான். கிடார் வாசிக்கப் போறானாம். ஒங்க பேச்சைக் கேப்பான். நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

இந்த மாதிரிப் பொறுப்புகளை நான் பொதுவாக ஏற்பதில்லை. நல்லது நடந்தால் நம் பெயர் ஞாபகம் இருக்காது. கெட்டது நடந்தால் மறக்காது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பையனும் நானும் வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி போய் இறங்கினோம். கரையோரம் சீனவலைகள் வழக்கம்போலத் தூங்கி எழுந்துகொண்டிருந்தன.

"உங்கள் குழு வாசிப்பது என்ன வகை?" என்று கேட்டேன்.

"பாப் பங்க், அங்கிள்."

நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976-ல் முதல் ஆல்பத்தில் போட்ட அஸ்திவாரம். மூன்று கார்ட், இரண்டரை நிமிஷம், கொஞ்சம் கோபம். அதில் இனிமையான மெட்டைச் சேர்த்து, 1994-ல் கிரீன் டே என்ற கலிபோர்னியாக் குழு கோடீஸ்வரரானது. இந்த அளவுக்கு எனக்கும் தெரியும். பையன் அடுத்து சொன்னதுதான் தெரியாதது. அவனுக்குப் பிடித்த குழு அமெரிக்காவில் இல்லையாம். பெய்ஜிங்கில் இருந்ததாம்.

"உனக்குச் சீனமொழி தெரியுமா?"

"தெரியாது அங்கிள். அவங்களுக்கும்தான் கிரீன் டே பாடினப்ப இங்கிலீஷ் தெரியாது."

பதில் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீனக் குழுவின் கதையைத் தேடிப் படித்தேன். பையனுக்குப் புத்தி சொல்ல வேண்டுமானால் அவனுடைய வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டுவது நல்லது அல்லவா?

குழுவின் பெயர் 'ஹுவார்'. தமிழில் 'பூக்கள்'. 1998-ல் பெய்ஜிங்கில் ஆரம்பித்தபோது பையன்களுக்கு மீசை முளைக்கவில்லை. பாடகன் டா ஜாங்வெய் பிறந்தது 1983-ல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முன்பு சீன ராக் என்றால் ட்சுய் ஜியான்தான். 1986-ல் பெய்ஜிங் தொழிலாளர் உள்ளரங்கில் ஒரே பாட்டில் ஒரு தலைமுறையை எழுந்து நிற்க வைத்தவர். அவர் பாட்டில் கனம் இருந்தது, வரலாறு இருந்தது. பூக்கள் குழுவின் பாட்டில் இருந்தது பள்ளிக்கூட மணி. பள்ளி விட்டாயிற்று என்பதையே ஒரு பாட்டாகப் பாடினார்கள். 1999-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'மகிழ்ச்சிக்குப் பக்கத்தில்'. பள்ளி வயதுப் பையன்களின் ஆல்பம் என்று நம்ப முடியாத தலைப்பு. மகிழ்ச்சி அல்ல, அதற்குப் பக்கத்தில்.

இந்த இசை அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் ஒரு கதை. மேலை நாடுகளில் விற்காமல் தேங்கிய கேசட்டுகளையும் சி.டி.க்களையும், மறுபடி விற்க முடியாதபடி ஓரத்தில் வெட்டி, பிளாஸ்டிக் குப்பையாகச் சீனத்துக்குக் கப்பலேற்றினார்கள். குப்பைக்குப் போக வேண்டியது தெருவோரக் கடைக்குப் போயிற்று. வெட்டுப்பட்ட இடத்தில் ஒன்றிரண்டு பாட்டுப் போனால் என்ன, மிச்சம் பாடும். 'தாக்கோ' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது; வெட்டுப்பட்டது என்று அர்த்தம். தொண்ணூறுகளின் பெய்ஜிங் இளைஞர்கள் ராக் படித்தது இந்த வெட்டுப்பட்ட பாடநூலில்தான். 1999-ல் பிரெய்ன் ஃபெயிலியர், ரிஃப்ளெக்டர் உள்ளிட்ட நான்கு பங்க் குழுக்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டன. அதற்கு வைத்த பெயர் 'சலித்துப்போன ராணுவம்'.

பூக்கள் குழு அந்த ராணுவத்தில் சேரவில்லை. வளர்ந்தது, பெரிய கம்பெனிக்குப் போனது. கோபம் குறைந்து குதூகலம் கூடியது. 2005-ல் வந்த 'ஷி ஷுவா ஷுவா' பாட்டு சீனம் முழுவதும் ஒலித்தது, கல்யாண வீடு உட்பட. உச்சியில்தான் வழுக்கியது. பஃபி என்ற ஜப்பானியப் பெண்கள் இருவரின் பாட்டை அப்படியே எடுத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டவர்களுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. ரசிகர்கள் மற்ற பாட்டுகளையும் கிளற ஆரம்பித்தார்கள். 2009-ல் குழு கலைந்தது. டா ஜாங்வெய் தொலைக்காட்சியில் சிரிப்பு மூட்டும் பிரபலமாகி, இன்றும் சௌக்கியமாக இருக்கிறார். பூக்கள் இல்லை. பதினோரு வருடம், தோற்றம், ஏற்றம், கறை, கலைப்பு.

இதைப் பையனிடம் சொல்லி, "பார்த்தாயா?" என்று கேட்டிருக்கலாம். அப்பா எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் சீனம் வரை போவானேன்? கொச்சியிலேயே இந்தக் கதையின் எல்லா அத்தியாயங்களும் இருக்கின்றன. சில அத்தியாயங்கள் முடிவு வேறு மாதிரி.

கொச்சிக்கும் எல்லாமே கடல் வழியாகத்தான் வந்தது. கிறிஸ்தவமும் மிளகு வியாபாரியும் மட்டுமல்ல, கிடாரும்தான். துறைமுகம் இருக்கும் ஊரில் கப்பலில் வேலை பார்க்கும் ஒரு மாமா இருப்பார். அவர் பெட்டியில் நாலு இசைத்தட்டு இருக்கும். சர்ச்சில் கோரஸ் பாடும் பையனுக்கு ஸ்வரம் படிக்கத் தெரியும். ஓட்டல்களில் ராத்திரி வாசிக்க ஆள் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் 1977-ல் '13 ஏ.டி.' என்ற குழு பிறந்தது. எர்ணாகுளம் காயலோரத்து ஸீலார்ட் ஓட்டலில் வாசித்து வளர்ந்தவர்கள். எண்பதுகளில் கல்லூரி வளாகங்களில் இவர்கள் பெயருக்கு இருந்த மவுசு இன்று ஐம்பதைத் தாண்டிய பல ஆபீசர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990-ல் 'கிரவுண்ட் ஸீரோ' என்று சொந்தப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம் போட்டார்கள். இந்தியாவில் ஆங்கில ராக் பாடினால் மற்றவன் பாட்டைத்தான் பாடவேண்டும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. பிற்பாடு குழு கலைந்தது. 2008-ல் மறுபடி கூடியபோது, தலை நரைத்த ரசிகர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஓட்டலில் வாசிக்கும் குழுவுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. சாப்பிட வந்தவர் தனக்குத் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார். அதை நன்றாக வாசித்தால் மாதச் சம்பளம். சொந்தப் பாட்டை வாசித்தால் சூப் ஆறிவிட்டதாகப் புகார். அடுத்தவன் பாட்டு சோறு போடும், சொந்தப் பாட்டு பெயர் தரும். இரண்டையும் ஒரே தட்டில் பரிமாறியவர்கள் குறைவு. நம் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள். கேரளத்தில் அதற்குப் பெயர் கானமேளா. கோயில் திருவிழா, சர்ச் பெருநாள் எதுவானாலும் ராத்திரி கானமேளா உண்டு. எத்தனை நல்ல குரல்கள் வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பாட்டை அச்சு அசலாகப் பாடியே ஓய்ந்திருக்கின்றன!

மட்டாஞ்சேரியில் இதற்கு இன்னும் பழைய உதாரணம் இருக்கிறது. குஜராத்திகள், கட்சி மேமன்கள், தக்கினி பேசும் முஸ்லிம்கள், கொங்கணிகள், தமிழர்கள் என்று பல பாஷைகள் ஒரு சந்துக்குள் குடியிருக்கும் இடம். மிளகுக் கிடங்குகளுக்கு மேல் மாடியில் ராத்திரி நேரம் தபலாவும் ஆர்மோனியமும் கேட்கும். அங்கிருந்து வந்தவர் மெஹபூப். ஐம்பதுகளின் மலையாளப் படங்களில் பாடியவர். ஆனால் ஊர் அவரைக் கொண்டாடியது கல்யாண வீட்டு மெஹ்ஃபில்களுக்காக. அதே மட்டாஞ்சேரியிலிருந்து அடுத்த தலைமுறையில் உம்பாயி வந்தார். பம்பாயில் தபலா கற்றவர். கஜல் என்றால் உருதுதான் என்றிருந்தபோது மலையாளத்தில் கஜல் பாடினார். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் கேரளத்தில் கஜல் என்றால் உம்பாயி என்றாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் அவர் இறந்தது ஆலுவாவில். என் நண்பரின் வீடு இருக்கும் அதே ஊரில்.

இறக்குமதியான சரக்கைச் சொந்தச் சரக்காக்குவது எப்படி? உம்பாயி கண்ட வழி, பாஷையை மாற்றுவது. கொச்சியின் ராக் குழுக்களும் அந்த வழிக்கு வந்து சேர்ந்தன. ஆனால் நேராக அல்ல.

1996-ல் கொச்சியில் தொடங்கிய 'மதர்ஜேன்' குழு பாஷையை மாற்றவில்லை. ஆங்கிலத்திலேயே பாடியது. மாற்றியது கிடாரை. பைஜு தர்மஜன் என்ற கிடார்க்காரர் மின்சாரக் கிடாரில் கமகம் கொண்டுவந்தார். நாதஸ்வரமும் வீணையும் வளைந்து போகும் வழியில் அவருடைய கம்பி போனது. 2008-ல் வந்த இவர்களுடைய 'மக்தூப்' ஆல்பத்தைக் கேட்டால் புரியும். அரபியில் 'எழுதப்பட்டது' என்று அர்த்தம். தலைவிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் பெங்களூரில் மெகாடெத் என்ற அமெரிக்க ஜாம்பவான் குழு வாசித்த விழாவில் இவர்களும் மேடையேறினார்கள். பத்திரிகைகள் பைஜுவுக்கு, அருந்ததி ராய் நாவலின் தலைப்பைத் திருப்பி, 'சின்னக் கம்பிகளின் கடவுள்' என்று பட்டமே கொடுத்தன. இந்திய ராக் என்றால் முதலில் சொல்லப்படும் நாலு பெயரில் ஒன்றாக இருந்த நேரத்தில், 2010-ல் பைஜு விலகினார். பிறகு பாடகர் சூரஜ் மணியும். பெயர் நீடித்தது. ஆனால் அந்தப் பழைய ஐந்து பேர் சேர்ந்து எழுப்பிய சத்தம் ஐந்து பேர் சேர்ந்தால்தான் வரும்.

பாஷையை மாற்றியது 'அவியல்'. பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. 2003 வாக்கில் உருவான குழு. மலையாளத்தில் ராக் பாடினால் சிரிப்பார்கள் என்ற பயத்தை உடைத்தவர்கள். 2008-ல் வந்த இவர்களுடைய ஒரே ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகள். ஆங்கிலம் மாதிரி உச்சரித்து மலையாளம் பாடவில்லை. வயலும் வள்ளமும் மணக்கும் மலையாளம். அதில் 'ஆடு பாம்பே' என்று ஒரு பாட்டு. இது எழுந்த இடம் எதுவென்று பாருங்கள். வரிகள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. நாராயண குரு ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் அத்வைத ஆசிரமம் கண்டவர். 1924 சிவராத்திரியன்று சர்வமத மாநாடு கூட்டியதும் அங்கேதான். தமிழ் நன்றாகத் தெரிந்தவர், தமிழிலேயே பதிகம் பாடியவர். பாம்பை ஆடச் சொல்லும் அந்த விளி நமக்குப் புதிதா என்ன? நம் பாம்பாட்டிச் சித்தர் எத்தனையோ காலத்துக்கு முன்னால் கூப்பிட்ட குரல்தான். சித்தரிடமிருந்து குருவுக்கு, குருவிடமிருந்து மின்சாரக் கிடாருக்கு. பெய்ஜிங் பையன்கள் வெட்டுப்பட்ட கேசட்டில் தேடியது ஏதோ ஒரு நியூயார்க்கை. அவியல் பையன்களுக்குத் தேடியது கொல்லைப்புறத்திலேயே கிடைத்தது.

இந்த விஷயத்தைப் பையனிடம் சொன்னபோதுதான் முதல் தடவையாக அவன் முகத்தில் ஆச்சரியம் பார்த்தேன். அந்த ஆசிரமத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறான்.

மூன்றாவது குழுவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அதிலிருந்து வந்தவரைத் தெரியும். '96' படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா. அவரும் அவருடைய உறவினர் சித்தார்த் மேனனும் 2013-ல் தொடங்கியது 'தைக்கூடம் பிரிட்ஜ்'. தைக்கூடம் கொச்சியில் ஒரு பகுதி. ஆலுவாவில் மெட்ரோ ஏறினால் வரும் நிறுத்தங்களில் ஒன்று. கப்பா டி.வி.யின் நிகழ்ச்சியில் மற்றவர்களின் பழைய பாட்டுகளைக் கோத்துப் பாடித்தான் வீடு வீடாக நுழைந்தார்கள். நுழைந்த பிறகு சொந்தப் பாட்டை எடுத்து வைத்தார்கள். 2015-ல் 'நவரசம்' ஆல்பம். அடுத்தவன் பாட்டு சோறு, சொந்தப் பாட்டு பெயர் என்றேனே, இரண்டையும் வரிசை தெரிந்து பரிமாறியவர்கள் இவர்கள்.

ஆனால் சொந்தப் பாட்டு என்றால் என்ன? இங்கேதான் சீனக் கதை தலைகீழாகக் கொச்சிக்கு வருகிறது. 2022 செப்டம்பர் 30-ல் 'காந்தாரா' என்ற கன்னடப் படம் வெளியாகி நாடெங்கும் ஓடியது. அதன் 'வராஹ ரூபம்' பாட்டு தங்களுடைய 'நவரசம்' பாட்டின் நகல் என்றது தைக்கூடம் பிரிட்ஜ். ஒரே ராகங்களைக் கையாண்டால் ஒற்றுமை வரத்தான் செய்யும் என்று படத் தரப்பு மறுத்தது. அக்டோபர் கடைசியில் கோழிக்கோடு நீதிமன்றம் பாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில் படம் ஓ.டி.டி.க்கு வந்தபோது அந்த இடத்தில் பாட்டு வேறு வடிவத்தில் ஒலித்தது. பிறகு வழக்கை விசாரிக்கத் தனக்கு வரம்பில்லை என்று அந்த நீதிமன்றம் மனுவைத் திருப்பித் தர, பழைய வடிவம் திரும்பி வந்தது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறியது. யார் சரி என்பது நீதிபதிகளின் வேலை. எனக்குப் பட்ட விஷயம் வேறு. அந்தப் பாட்டின் காப்புரிமையைக் கையில் வைத்திருந்தது பாடிய குழு அல்ல, கப்பா டி.வி.யை நடத்திய மாத்ருபூமி நிறுவனம். வழக்கில் அதுவும் ஒரு வாதி. மெட்டு யார் மனதில் பிறந்தாலும், கையெழுத்துப் போட்ட காகிதத்தில்தான் அது யாருடையது என்று இருக்கிறது.

இளையராஜா தன் பாட்டுகளுக்காக நடத்திய வழக்குகளைப் பார்த்து நம்மில் பலர் முகம் சுளித்தோம். ரசிகனுக்குப் பாட்டு காற்றில் வருவது. காற்றுக்கு யார் பட்டா போடுவது? ஆனால் வாசித்தவனின் இடத்தில் நின்று பார்த்தால் கேள்வி மாறும். 2012-ல் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. படத்துக்காக எழுதிய பாட்டிலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி பெறும் உரிமை உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று யாரும் வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆயிற்று. இருபது வயதில் யாரும் இதைப் படிப்பதில்லை. கிடாரின் ஆறு கம்பிக்கும் பெயர் தெரியும். ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. கொச்சியில் குழு எதுவானாலும் ஆறு கடைசியில் சேரும் கடல் சினிமாதான். அவியலின் ரெக்ஸ் விஜயன் இன்று மலையாளத்தின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவர். மட்டாஞ்சேரி மாடிகளில் புறா வளர்க்கும் பையன்களைப் பற்றி 2017-ல் வந்த 'பறவ' படத்துக்கு இசை அவர்தான். கோவிந்த் வசந்தா சென்னைக்கு வந்தார். இது தோல்வியா? '96' பாட்டைக் கேட்டு அழுதவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சினிமாவுக்குப் போவது ஒருவர், குழு போவதில்லை. படத்தின் டைட்டிலில் ஒரு பெயர்தான் வரும். மற்ற நாலு பேர் என்ன ஆனார்கள் என்று எந்த டைட்டிலும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இதைவிடக் கடினம். நம்மிடம் ரஹ்மான் முதல் பலர் குழுக்களில் வாசித்துத்தான் வந்தார்கள். ஆனால் அந்தக் குழுக்களின் பெயர் இன்று வினாடி வினாவுக்கு மட்டும் உதவும். பாட்டு என்றாலே படப்பாட்டு என்று ஆகிவிட்ட ஊரில், படம் இல்லாத பாட்டுக்கு முகவரி இல்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேரோடு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கூடிய கூட்டம், முகவரி இல்லாமலும் பாட்டு போய்ச் சேரும் என்று காட்டியது. கானாவும் ராக்கும் ராப்பும் சேர்ந்த அந்த மேடைக்குப் பின்னால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. சொல்ல விஷயம் இருந்தால் வகை தானாக அமையும். வகையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு விஷயம் தேடினால் பஃபியின் பாட்டுதான் கைக்கு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இருட்டும் நேரம். ஒரு சீனவலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, எதிர்ப்பக்கம் கட்டிய பாறைக் கற்கள் ஒவ்வொன்றாக இறங்க, வலை தண்ணீரிலிருந்து எழுந்தது. பெரிய இயந்திரம், ஆனால் இயங்குவது எடை சரியாக இருப்பதால். ஒரு கல் குறைந்தாலும் ஏறாது, ஒரு ஆள் குறைந்தாலும் ஏறாது. இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு வலையில் இருந்தது ஒரு கைப்பிடி மீன். வலைக்காரருக்கு ஒரு பங்கு, மிச்சம் இழுத்தவர்களுக்கு. யாரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. மறுபடி வலையை இறக்கினார்கள்.

"உங்கள் குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"நாலு பேர்."

"நாலு பேரும் வேலையை விடுகிறார்களா?"

பையன் கொஞ்சநேரம் பேசவில்லை. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு அக்கா கல்யாணம் இருக்கிறதாம். பேஸ் கிடார்க்காரன் கானடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறானாம். பாடகி மட்டும் உறுதியாக இருக்கிறாளாம்.

"சொந்தப் பாட்டு எத்தனை?"

"மூணு. ஒண்ணு முழுசா முடியல."

"எந்த பாஷையில்?"

"இங்கிலீஷ்." சற்றுத் தயங்கி, "முடியாதது மட்டும் தமிழ். வீட்ல பேசற தமிழ். பாதி மலையாளம் கலந்திருக்கும் அங்கிள், நீங்க சிரிப்பீங்க."

நான் சிரிக்கவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் டிபன் கேரியர் சத்தத்தைப் பற்றிய பாட்டாம். கடைசிச் சரணத்தில் அப்பா ரிட்டையராகிறார். அதற்கப்புறம் என்ன எழுதுவதென்று தெரியவில்லையாம்.

அப்பா என்னிடம் ஒப்படைத்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலையை விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. சொன்னது மூன்று விஷயம். பத்துப் பாட்டு சேரும்வரை சம்பளத்தை விடாதே. கொச்சியில் ஓட்டல் சம்பளத்தில் நின்றுதான் முதல் சொந்த ஆல்பம் வந்தது. நாலு பேரும் உட்கார்ந்து, எந்தப் பாட்டு யாருடையது, வரும் பணத்தில் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சிநேகம் நன்றாக இருக்கும்போதே போட வேண்டிய கையெழுத்து அது. மூன்றாவது, முடியாத அந்தப் பாட்டை முதலில் முடி.

பூக்கள் குழு இன்று இல்லை. ஆனால் அதே காலத்து ரிஃப்ளெக்டர் இருக்கிறது. அதைவிடப் பழைய 'நியூ பேன்ட்ஸ்' என்ற பெய்ஜிங் குழு, 1996-ல் தொடங்கி இருபத்துமூன்று வருடம் கழித்து, 2019-ல் ஒரு இணையத் தொடரில் போட்டியிட்டு முதல் பரிசு வாங்கியது. ரிஃப்ளெக்டரும் அந்த மேடையில் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர்களை இருபது வயதுக்காரர்கள் அன்றுதான் கண்டுபிடித்தார்கள். நடுவில் இருந்த வருடங்களில் அவர்கள் என்ன செய்தார்கள்? வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அது எளிதான காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து நண்பர் மறுபடி போன் செய்தார். பையன் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறானாம். நிம்மதியாகப் பேசினார். கடைசியில், வைக்கப் போகும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், ராத்திரி வந்து உக்காந்து, நான் வேலைக்குப் போன நாளைப் பத்தியெல்லாம் கேக்கான். எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, கேரியர்ல அம்மா என்ன வைப்பா, கடைசி நாள் எப்படி இருந்துச்சின்னு. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல. என்ன சார் ஆச்சு அவனுக்கு?"

ஒன்றும் ஆகவில்லை, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள் என்றேன்.